யாருடைய இருபது

வில்மா சுலாக் புகையைப் பார்த்துச் சம்பளம் வாங்குகிறவர். வெளியூர்க்காரர்களிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். ரோவெனாவில் யாரும் சிரிப்பதில்லை. ஊரில் பாதிப் பேருக்கு அந்தப் புகை வரும் மின் நிலையத்தில்தான் பிழைப்பு. மீதிப் பேர் அதன் புகைக்குக் கீழே மாடு வளர்க்கிறார்கள், வைக்கோல் கட்டுகிறார்கள்.

வேலை இதுதான்: புகைபோக்கியிலிருந்து வரும் புகை, அதன் பின்னால் இருக்கும் வானத்தை எவ்வளவு மறைக்கிறது என்று வெறும் கண்ணால் பார்த்துச் சொல்ல வேண்டும். கொஞ்சமும் மறைக்கவில்லை என்றால் பூஜ்யம். பின்னால் வானமே தெரியவில்லை என்றால் நூறு. எங்கள் மின் நிலையத்துக்கு இருபது வரை போகலாம். புகைபோக்கிக்கு உள்ளே கருவியும் இருக்கிறது. ஆனால் கருவி அடிக்கடி கெட்டுப்போகும். பழகிய கண் போதும் என்று சட்டமே ஒப்புக்கொண்டிருக்கிறது.

கண்ணைப் பழக்க ஒரு பள்ளி உண்டு. வருஷத்துக்கு இரண்டு முறை, மாட்டுச் சந்தை மைதானத்தில் நடக்கும். ஒரு வண்டியில் சின்னப் புகைபோக்கி ஒன்றைப் பொருத்திக் கொண்டுவந்து, கறுப்புப் புகையும் வெள்ளைப் புகையும் மாறிமாறி விடுவார்கள். மடக்கு நாற்காலி, தொப்பி, ஐஸ் பெட்டி சகிதம் வந்திருக்கும் ஆட்கள் வரிசையாக உட்கார்ந்து எண்ணைச் சொல்ல வேண்டும். அதிகம் பிசகினால் அடுத்த ஆறு மாதத்துக்கு அவர் பார்க்கும் புகை செல்லாது. வில்மா ஒருமுறைகூடத் தவறியதில்லை.

பழக்கம் வேலையோடு நிற்பதில்லை. மாதா கோயில் விருந்து நாளில் ஆண்கள் கருவேலங்கட்டையைப் போட்டு மாட்டிறைச்சி வாட்டிக்கொண்டிருப்பார்கள். உருளைக்கிழங்குப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போகும் வில்மா, நிற்காமலே, “நாற்பது. மூடியக் கொஞ்சம் திறங்கப்பா” என்று சொல்லிவிட்டுப் போவார். அவர்களும் திறந்துவிடுவார்கள்.

நான் அவர் வேலை பார்க்கும் அதே மாநிலச் சுற்றுச்சூழல் அலுவலகத்தில், பரிசோதனைக்குக் கிணற்றுத் தண்ணீர் எடுக்கிறவன். எங்கள் இருவருக்கும் மாநில அரசின் வெள்ளை டிரக். வியாழக்கிழமை சாயங்காலம் கோயில் கூடத்தில் டொமினோ ஆட்டத்தில் நானும் அவரும் ஒரு கட்சி. கல்யாணமானவர் என்றாலும் ஊர் வழக்கப்படி மரியாதைக்கு அவரை ‘மிஸ் வில்மா’ என்போம். அவர் கணவர் ரேமண்ட் தானிய லாரி ஓட்டியவர். இதயம் தளர்ந்த பிறகு வீட்டோடு இருக்கிறார். அவருடைய மருந்து, மருத்துவமனை எல்லாம் வில்மாவின் வேலையோடு வரும் காப்பீட்டில்தான் ஓடுகிறது. வேலை போனால் காப்பீடும் போகும். இதை வில்மா அடிக்கடி சொல்லமாட்டார். சொல்லத் தேவையும் இல்லை, எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

அந்த வசந்தத்தில் மாநிலத் தலைநகரில் புதுச் சட்டம் ஒன்று போட்டார்கள். எங்கள் மேலாளர் டிரெண்ட் ஹோல்கம் எங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து அதைப் படித்தார். டிரெண்ட் சின்ன வயசுக்காரர், நல்ல மனுஷர், சட்டம் படித்தவர் அல்ல. ஒருமுறை படித்துவிட்டு, முகம் சுருங்க, இன்னொரு முறையும் படித்தார்.

“அதாவது, மின் அவசரநிலைன்னு ஆளுநர் அறிவிச்சுட்டா, அது முடியிற வரைக்கும் வாஷிங்டனோட, அதாவது மத்திய அரசோட, புகை வரம்ப நம்ம ஊழியர் யாரும் மின் நிலையத்து மேல செலுத்தக்கூடாது. செலுத்த உதவியும் பண்ணக்கூடாது. பண்ணினா வேலை நீக்கம்.”

“சரி,” என்றார் வில்மா. “இருபது யாரோடது?”

“எந்த இருபது?”

“நான் பார்க்கிற இருபது. வாஷிங்டனோடதா, நம்மளோடதா? நிலையத்துக்கு நாம குடுத்த அனுமதிச் சீட்டுலயும் இருபதுன்னுதான போட்டிருக்கு? அதுல நம்ம முத்திரைதான?”

“வாஷிங்டன் கேட்டதால நாம போட்டதுன்னு நினைக்கிறேன்.”

“வாஷிங்டன் கேக்குறதுக்கு முன்னாலயே நம்மகிட்ட இருபது இருந்துச்சே.”

டிரெண்ட் பழைய விதிகளைத் தேடினார். அங்கே வில்மாவுக்கும் ஒரு சறுக்கல். மாநிலத்தின் பழைய விதியில் பழைய கொதிகலனுக்கு முப்பது என்றும், புதுசுக்கு இருபது என்றும் இருந்தது. எங்கள் நிலையத்தில் ஒரு கொதிகலன் பழசு, ஒன்று புதுசு. இரண்டுக்கும் புகைபோக்கி ஒன்று.

“அப்ப இந்தப் புகையில எது முப்பதோட புகை, எது இருபதோட புகை?” என்று கேட்டேன்.

“நீ வேற சும்மா இரு, ஜெரோம்,” என்றார் வில்மா.

அவர் யாரையும் மடக்குவதற்காகக் கேட்கவில்லை. அவருக்கு நிஜமாகவே புரியவில்லை. டிரெண்டுக்கும் புரியவில்லை. எங்கள் துறையின் தலைநகர் வக்கீலிடம் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். வசந்தம் முடிந்தது. வெயில் ஏறியது. பதில் வரவில்லை.

ஆகஸ்டில் காற்றே இல்லாமல் ஒரு வெக்கை வந்து உட்கார்ந்தது. எல்லா வீட்டிலும் ஏசி ஓடியது. மின்சாரம் பற்றாமல் தெருத்தெருவாக மாற்றிமாற்றி நிறுத்தினார்கள். ஆளுநர் மின் அவசரநிலை அறிவித்தார். எங்கள் மின் நிலையத்தில் தூசி பிடிக்கும் துணிப்பைகள் கிழிந்துபோய் மாற்ற வேண்டிய நிலையில் இருந்தன. சாதாரண நாளாக இருந்தால் உற்பத்தியைக் குறைத்துவிட்டு மாற்றுவார்கள். இப்போது நிறுத்தவோ குறைக்கவோ கூடாது என்று மாநில மின் கட்டுப்பாட்டு அறையிலிருந்து உத்தரவு. கிழிந்த பைகளோடு முழு வேகத்தில் ஓட்டினார்கள். புகை தடித்தது.

அந்த வியாழக்கிழமை டொமினோ மேசையில் வேறு பேச்சே இல்லை. எதிர்க்கட்சியில் மாட்டுப்பண்ணை டென்னிஸ் ஹனாக்கும் அவர் மனைவி பெர்னிஸும்.

“ஏம்மா வில்மா, உன் சம்பளத்துல வாஷிங்டன் பங்கு எவ்வளவு?” என்று ஆரம்பித்தார் டென்னிஸ். எங்கள் அலுவலகத்துக்கு வாஷிங்டன் மானியம் வருவது ஊருக்கே தெரியும்.

“பாதிக்குக் கொஞ்சம் கம்மி.”

“அப்ப பிரச்சினை முடிஞ்சுது. இடது கண்ணு வாஷிங்டனோடது, அத மூடிக்க. வலது கண்ணு நம்ம மாநிலத்தோடது. அதால பாரு.”

கூடமே சிரித்தது. வில்மா மட்டும் சிரிக்காமல், கையில் இருந்த காய்களைப் பார்த்துக்கொண்டே, “எந்தக் கண்ணால பார்த்தாலும் ஒரே எண்ணுதான் வரும், டென்னிஸ்” என்றார்.

“அந்த நிலையத்த மட்டும் நிறுத்திப்புடாத தாயே,” என்றார் பெர்னிஸ். “வீட்டுல ஏசி ஓடினாத்தான் இந்த மனுஷன் வாய மூடுறாரு.”

“நான் எங்க நிறுத்துறேன், பெர்னிஸ்? நான் பார்க்கிறதோட சரி.”

“பார்த்தா எழுதுவல்ல? எழுதினா அவங்க குறைக்கணும்ல?” பெர்னிஸ் ஒரு காயை வைத்துவிட்டு மூக்கைச் சுளித்தார். “அதுக்காக இந்தப் புகை நல்லதுன்னு சொல்ல வரல. நேத்துக் காயப்போட்ட படுக்கை விரிப்பெல்லாம் சாம்பல். என் பேத்தி ராத்திரி முழுக்க இருமுது. ஏதாவது பண்ணக்கூடாதா நீ?”

“நிறுத்தாம ஏதாவது பண்ணணும். அதான உனக்கு?” என்று டென்னிஸ் மனைவியைக் கிண்டல் செய்தபோது கூடத்தின் விளக்குகள் அணைந்தன. எங்கள் தெருவின் முறை. காய்களைத் தூக்கிக்கொண்டு ஜன்னல் பக்கத்து மேசைக்கு மாறினோம். வெளிச்சம் இருக்கும்வரை ஆடினோம். நாங்கள் தோற்றோம். வில்மாவின் கவனம் ஆட்டத்தில் இல்லை.

வாரத்துக்கு ஒருமுறை புகை பார்ப்பது வில்மாவின் வேலைப் பட்டியலில் இருந்தது. அதை யாரும் நீக்கவில்லை. அந்த வாரத்துக்கான நாள் வந்ததும் டிரெண்டின் அறைக்குப் போனார். டிரெண்ட் தலைநகர் வக்கீலைத் தொலைபேசியில் பிடித்து, நாங்களும் கேட்கும்படி வைத்தார்.

“போகக்கூடாதுன்னு நாங்க எதுவும் சொல்லலையே,” என்றது வக்கீலின் குரல்.

“அப்ப போகலாமா?”

“போங்கன்னும் சொல்லல. அவங்கவங்க கடமைய அவங்கவங்க செய்யணும். சட்டத்துக்கு உட்பட்டு.”

தொலைபேசியை வைத்த பிறகு டிரெண்ட் பரிதாபமாகப் பார்த்தார். “மிஸ் வில்மா, எனக்கும் இதுக்கு மேல தெரியல.”

போகாவிட்டால் வேலையைச் செய்யவில்லை என்று நீக்கலாம். போய்ப் பார்த்தால் சட்டத்தை மீறினார் என்று நீக்கலாம். வில்மா தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். மின் நிலையத்துக்கு அருகே ஒரு கிணற்றில் எனக்கும் வேலை இருந்தது. அவருடைய டிரக்கிலேயே ஏறிக்கொண்டேன்.

காலை வேளையில் அவர் எப்போதும் மின் நிலையத்துக்குக் கிழக்கே நிற்பார். புகை பார்க்கிறவரின் முதுகில்தான் வெயில் விழ வேண்டும். முகத்தில் அடித்தால் வெள்ளைப் புகைகூடக் கெட்டியாகத் தெரியும், அப்படிப் பார்த்த எண் செல்லாது. அதுதான் பள்ளியில் முதல் பாடம். அன்று வில்மா டிரக்கை மேற்கே, பஞ்சாலையை ஒட்டிய சரளைப் பாதையில் கொண்டுபோய் நிறுத்தினார். இறங்கினார். சூரியன் நேராக முகத்தில்.

“மிஸ் வில்மா, பக்கம் மாறி வந்துட்டமே?”

“மாறலை.”

“இங்கேருந்து பார்த்தா செல்லாதுல்ல?”

“அதுக்குத்தான்.” தொப்பி விளிம்பை இறக்கினார். “வேலைக்கு வந்துட்டேன். வரலைன்னு யாரும் சொல்ல முடியாது. செல்லாத இடத்துல நிக்கிறேன். பார்த்தேன்னும் யாரும் சொல்ல முடியாது. ரெண்டு அரசாங்கத்துக்கும் சரியாப்போச்சா?”

எனக்கு அது சரிபோலத்தான் பட்டது. அவரும் கொஞ்சம் தெளிந்த மாதிரி இருந்தார். கையில் எதுவும் எடுக்கவில்லை, எழுதவில்லை. வெறுமனே நின்றார். ஆனால் கண் எங்கே போகும்? புகை, சூரியனை வாங்கி, ஒரு சுவர் மாதிரி எழும்பி நின்றது. அப்படி ஒரு புகையை நான் பார்த்ததில்லை.

“இது எவ்வளவு?” என்று கேட்டுவிட்டேன்.

வில்மா வாயைத் திறந்து, மூடினார். “தெரியல, ஜெரோம். சத்தியமாத் தெரியல. அறுபதா இருக்கலாம். இருபத்தஞ்சா இருக்கலாம். இந்தப் பக்கத்துலேருந்து நான் ஒரு நாளும் பார்த்ததே இல்ல.” அவர் குரலில் இருந்தது பயம் மாதிரி இருந்தது.

கொஞ்ச நேரத்தில் புகை மெலிந்தது. காற்று மாறியிருக்கும் என்று நினைத்தோம். நான் கிணற்றுக்கு நடந்தே போனேன். திரும்பி வந்து அவரையும் கூட்டிக்கொண்டு அலுவலகம் சேர்வதற்குள் விஷயம் எங்களுக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. டிரெண்ட் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார்.

“என்ன பண்ணினீங்க, மிஸ் வில்மா? நிலையத்துல உற்பத்தியக் குறைச்சிருக்காங்க. கட்டுப்பாட்டு அறையில தலைகீழா நிக்கிறாங்க. இன்னும் எத்தனையோ தெருவுல மின்சாரம் போயிருக்கு. நீங்கதான் குறைக்கவெச்சீங்கன்னு புகார்.”

“நான் ஒண்ணுமே பண்ணலையே. நின்னேன்.”

நடந்தது என்ன என்று எல்ராய் மஹாச் எங்களுக்குச் சொன்னார். அவர் மின் நிலையத்தில் பகல் முறைக்குத் தலைமை. மறுநாள் காலை பலகாரக் கடையில், பாலாடைக்கட்டி வைத்த கொலாச்சே ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு தின்னாமல் நின்றார்.

“மிஸ் வில்மா, என்னை மன்னிச்சுருங்க. கேமராவுல வெள்ளை டிரக்கு தெரிஞ்சுது. கை தானா போயி குறைச்சிருச்சு.”

“ஏன் எல்ராய்?”

“ஏன்னா என்ன சொல்ல? டிரக்கு வந்தா குறைக்கணும். எனக்கு முன்னால இருந்தவரும் அப்படித்தான் பண்ணுவாரு. யாரும் எழுதிவைக்கல, சொல்லிக்குடுக்கல. நீங்க போனதும் ஏத்திருவோம்.”

“அவசரநிலைன்னு உனக்குத் தெரியாதா?”

“தலைக்குத் தெரியும். கைக்குத் தெரியல.”

வில்மா காப்பிக் கோப்பையை வைத்துவிட்டு வெளியே போய் டிரக்கில் உட்கார்ந்துகொண்டார். எல்ராய் சொன்னதில் வேலைக்கு வந்த ஆபத்தைவிடப் பெரிய இன்னொன்று இருந்தது. எனக்கு அது அப்போது உறைக்கவில்லை. அவருக்கு உறைத்திருக்க வேண்டும்.

விசாரணை மாவட்ட நீதிமன்றக் கட்டடத்தில், காலியாக இருந்த ஓர் அறையில் நடந்தது. தலைநகரிலிருந்து வந்த அதிகாரி ஒரு பெண்மணி. மரியாதையாகத்தான் பேசினார். வில்மா கோயிலுக்குப் போகும் நீல உடையில் வந்திருந்தார். ரேமண்ட் கடைசி வரிசையில் ஊன்றுகோலோடு. நான் பக்கத்தில்.

“புகை எவ்வளவு இருந்தது?” என்று அதிகாரி கேட்டார்.

“நான் பார்க்கல, மேடம்.”

“அங்க நின்னீங்க.”

“நின்னேன்.”

“கண் திறந்துதான இருந்துச்சு?”

“திறந்துதான் இருந்துச்சு. வெயில் முகத்துல அடிச்சுது.”

“அதனால?”

“அதனால அது பார்வையில சேராது, மேடம்.”

அதிகாரி இதை எழுதப் போய், பாதியில் பேனாவை நிறுத்தினார். “நீங்க பார்த்தீங்க, ஆனா அது பார்வை இல்ல. அப்படித்தான?”

“அப்படித்தான்னு நினைக்கிறேன். இப்ப நீங்க சொல்லும்போது எனக்கே சரியாப் படல.”

எல்ராயைக் கூப்பிட்டார்கள்.

“இவங்க உங்களுக்கு எப்படி உத்தரவு குடுத்தாங்க?”

“குடுக்கல, மேடம். கையக்கூடக் காட்டல. டிரக்கு நின்னுச்சு.”

“டிரக் என்ன பண்ணுச்சு?”

“நின்னுச்சு, மேடம். அவ்வளவுதான் அது பண்ணுச்சு.”

“அப்ப வாஷிங்டனோட வரம்பை அந்த நிலையத்து மேல செலுத்தினது யாரு?”

“பார்க்கப்போனா நான்தான். ஆனா நான் மாநில ஊழியன் இல்லையே. இந்தச் சட்டம் எனக்கு வராதுன்னு எங்க ஆபீஸ்ல சொன்னாங்க.”

“நீங்க செலுத்தினது வாஷிங்டனோட வரம்பா, மாநிலத்தோட வரம்பா?”

“எனக்கு இருபதுதான் தெரியும், மேடம்.”

ரேமண்ட் என் காதில் குனிந்து, “நாம ஜெயிக்கிறமா தோக்குறமா?” என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை.

அதிகாரி மதியம் வரை எழுதினார். கடைசியில் வேலை போகவில்லை. ஆனால் எச்சரிக்கை: இனி மின் அவசரநிலை அமலில் இருக்கும்போது புகைபோக்கி கண்ணில் படும் எந்த இடத்திலும் வில்மா சுலாக் இருக்கக் கூடாது. மீறினால் நீக்கம், மறுபேச்சு இல்லை.

வில்மா கையை உயர்த்தினார், பள்ளிக்கூடத்தில் மாதிரி. “மேடம், எங்க வீட்டு சமையலறை ஜன்னல்லேருந்து அது தெரியும்.”

கோப்புக் கட்டை மூடப் போன அதிகாரி நிறுத்தினார். “வேலை நேரத்துக்கு மட்டும்தான்னு நினைக்கிறேன்.”

“அப்படி எழுதியிருக்கா?”

பார்த்தார். எழுதியிருக்கவில்லை. “கேட்டுச் சொல்றேன்,” என்றார்.

செப்டம்பரில், வெயில் ஓய்ந்தது என்று எல்லோரும் நினைத்தபோது, கிழிந்த பைகளை மாற்றுவதற்கு முன்பே, மறுபடியும் ஓர் அவசரநிலை வந்தது. கேட்டுச் சொல்வதாகச் சொன்னவர்கள் சொல்லியிருக்கவில்லை. எங்கள் அலுவலகத்தைத் தண்ணீர்த் தொட்டி மறைக்கும். அங்கிருந்து புகைபோக்கி தெரியாது. வில்மா வேலை முடிந்த பிறகும் மேசையிலேயே உட்கார்ந்திருந்தார்.

“எங்க வீட்டுக்கு வாங்களேன்,” என்றேன். “ரேமண்டையும் கூட்டிட்டு வந்துரலாம்.”

“அவரோட மாத்திரை, மெஷின், நாற்காலி, எல்லாத்தையுமா தூக்குறது? அதுவும் எத்தனை நாளைக்கு?” எழுந்துகொண்டார். “என் வீட்டுக்கு நான் போறதுக்கு யாரக் கேக்கணும்னுகூடத் தெரியல.”

வீட்டில் நடந்ததை மறுநாள் காலை அவரே சொன்னார். சாப்பாடு முடிந்து பாத்திரங்களோடு நின்றிருக்கிறார். பாத்திரம் கழுவும் தொட்டி ஜன்னலுக்குக் கீழே. ஜன்னல் கிழக்கே, மின் நிலையத்தைப் பார்த்து. சாயங்கால வெயில் மேற்கிலிருந்து, வீட்டுக்குப் பின்னாலிருந்து விழுந்தது.

“திரும்பி நில்லு, வில்மா,” என்றாராம் ரேமண்ட்.

“திரும்பி நின்னு பாத்திரம் கழுவ முடியாது.”

“நகரு. நான் கழுவுறேன்.”

“உனக்கு மூச்சு வாங்கும்.”

“உன் வேலை போனா என் மாத்திரை போகும். அப்ப மட்டும் மூச்சு வாங்காதா?”

வில்மா நகராமல் திரைச்சீலையை இழுத்துவிட்டாராம். மெல்லிய சீலை. அதற்குப் பின்னாலும் தெரிந்தது. ஒரு தட்டைக் கழுவி நிமிர்ந்தார், குனிந்தார். அடுத்த தட்டு. நிமிர்ந்தார், குனிந்தார். அதுதான் புகை பார்க்கும் முறையும். உற்றுப் பார்க்கக் கூடாது, உற்றுப் பார்த்தால் கண் ஏமாற்றும். ஒரு நொடி பார்த்து, குனிந்து குறித்துக்கொண்டு, மறுபடி நிமிர வேண்டும். பாத்திரம் முடிந்தபோது அவருக்கு எண் தெரிந்திருந்தது.

காலையில் அவசரநிலை முடிந்ததாக வானொலியில் சொன்னார்கள். நான் தண்ணீர்ப் புட்டிகளை டிரெண்டின் அறையில் இருக்கும் குளிர்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தேன். வில்மா உள்ளே வந்து கதவைச் சாத்தினார்.

“நேத்து வீட்டுலேருந்து பார்த்துட்டேன், டிரெண்ட். நீக்கணும்னா நீக்கிருங்க. ஒளிச்சுவெச்சுக்கிட்டு இருக்க என்னால ஆகாது.”

“எவ்வளவு?” என்றார் டிரெண்ட்.

“முப்பத்தஞ்சு.”

டிரெண்டின் முகத்தில் மெதுவாக ஏதோ ஏறியது.

“நான் கேட்டேன்ல இப்ப,” என்றார்.

“கேட்டீங்க.”

“அப்ப நானும் உதவி பண்ணிட்டேன்.” என் பக்கம் திரும்பினார். “ஜெரோம், உங்க காதுல விழுந்துச்சா?”

“புட்டி உருண்டுச்சு, சரியாக் கேக்கல,” என்றேன்.

“ஆனா இப்ப அவசரநிலை இல்லையே,” என்றார் வில்மா. “இப்ப சொன்னா தப்பா?”

“பார்த்தது அப்ப. சொன்னது இப்ப.” டிரெண்ட் வக்கீலைக் கூப்பிடத் தொலைபேசியை எடுத்தார். எதைக் கேட்பது என்று யோசித்தார் போலிருக்கிறது. கேட்டால் சொல்ல வேண்டும். சொன்னால் வில்மா போவார், பின்னாலேயே அவரும் போவார். தொலைபேசியை வைத்துவிட்டு நெற்றியைத் தேய்த்தார்.

“நான் எதையும் கேக்கல. நீங்களும் சொல்லல. இன்னைக்கு அவசரநிலை இல்ல, இந்த வாரம் புகை பார்க்கிறது பாக்கி இருக்கு. போயி முறையாப் பார்த்துட்டு வாங்க. அத மட்டும் எழுதுங்க.”

வேலை தப்பியது என்று எனக்கு மூச்சு வந்தது. வில்மா நகரவில்லை.

“டிரக்குல போனா எல்ராய் குறைப்பான். இருபதுக்குக் கீழதான் வரும்.”

“குறைச்சா நல்லதுதான?”

“நல்லதுதான். ஆனா அது நான் வந்த புகை. நான் வராத புகை வேற.” நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். “இத்தனை வருஷமா நான் எழுதினது எல்லாம் என்ன, டிரெண்ட்? அந்தப் புகையா, இல்ல என் டிரக்க அவங்க பார்த்ததா? அன்னைக்குப் பலகாரக் கடையிலேருந்து இதுதான் ஓடுது எனக்கு.”

“டிரக்கு வேண்டாம், என் வண்டியில வாங்க,” என்றேன்.

என் சொந்த வண்டியில் அவரைக் கிழக்கே, ஹனாக்கின் மேய்ச்சல் நிலத்து வேலி வரை கொண்டுபோய் இறக்கிவிட்டேன். அங்கிருந்து மாடுகளுக்கு நடுவே புல்லில் நடந்து போனார். வெயில் முதுகில். தூரத்திலிருந்து பார்த்தால், மாட்டைத் தேடி வந்த பெர்னிஸ் என்று நினைக்கலாம். மின் நிலையம் எப்போதும் போல ஓடியது. புகை எப்போதும் போல வந்தது. அவர் நிமிர்ந்தார், குனிந்தார், எழுதினார். திரும்பி வந்தபோது தாளை என்னிடம் காட்டினார். முப்பத்தைந்துக்குப் பக்கம்.

அது அவசரநிலை இல்லாத நாளில் முறையாகப் பார்த்த எண். தலைநகரில் யாரும் மறுக்கவில்லை. மின் நிலையத்துக்கு அறிவிப்பு போனது. பைகளை மாற்ற உற்பத்தியைக் குறைத்தார்கள். வெயில் இறங்கியிருந்ததால் யார் வீட்டிலும் மின்சாரம் போகவில்லை. வில்மாவின் வேலையும் போகவில்லை. அடுத்த வெயிலில் என்ன ஆகும் என்று மட்டும் எங்களில் யாருக்கும் சொல்லத் தெரியவில்லை.

அந்தச் சனிக்கிழமை பலகாரக் கடையில் எல்ராய் எங்களைப் பார்த்ததும் நேராக மேசைக்கு வந்தார். முகம் தொங்கியிருந்தது.

“மிஸ் வில்மா, டிரக்கே வரலையே. எப்படி?”

“நடந்து வந்தேன்.”

“நடந்தா?” எல்ராய் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். “அது நியாயமில்லைங்க. வர்றீங்கன்னா தெரியற மாதிரி வரணும். இத்தனை வருஷமா அப்படித்தான வந்தீங்க?”

வில்மா பாப்பி விதை வைத்த கொலாச்சேயைப் பிய்த்து, பாதியை அவர் பக்கம் தள்ளினார்.

“நியாயமா இல்லையான்னு எனக்கும் தெரியல, எல்ராய். நீ சாப்பிடு.”